ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்

சட்டப்படி ஓர் எழுத்தின் உயரம்
இதற்குக் குறையக் கூடாது.
அளப்பது என் வேலை.
மரிபோரில், திராவா ஆற்றின் தென்கரையில்
லேபிள் அச்சகம்; பதினேழு வருடம்.
உருப்பெருக்கிக் கண்ணாடி, சிவப்புப் பேனா,
அடியில் கையெழுத்து: ப்ரெதா.

எங்கள் எழுத்துகள் சிலவற்றுக்குத் தலையில் கொக்கி உண்டு.
கொக்கி விழுந்த எழுத்தைப் பிடிப்பதில்
என்னை மிஞ்ச ஆள் கிடையாது.
ஆனால் சில வெள்ளிக்கிழமைகளில்
வரியின் நடுவே ஒரு துளை திறக்கும்.
அதன் விளிம்பு ரம்பம்போல் பல் பல்லாக மினுங்கும்.
விட்டுப்போனது அச்சிலா, கண்ணிலா?
பக்கத்து மேசை தீனேயிடம் காட்டுவேன்.
"எல்லாம் இருக்கிறதே" என்பான்.
அவ்வளவுதான்.
இன்னும் இருபது நிமிடம்.
கோட்டை வாரிக்கொண்டு பேருந்துக்கு ஓடுவேன்.
ஜன்னலோரம் உட்கார மாட்டேன்.

பிறகு திரைச்சீலை, ஈரத்துணி, வாளி.
மண்டையின் வலப்பாதியில் யாரோ
இரும்பு அலமாரியைத் தரையோடு இழுக்கிறார்கள்.
இடப்பாதி
அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறது.

"ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று தூண்டும்.
எழுதி வை, உன்னுடையதை நீதான் பிடிக்க வேண்டும்"
என்றார் மருத்துவர்.
எழுதினேன்: காற்று. தூக்கம் கெட்டது. தூரம். சிவப்பு வைன்.
குளுட்டமேட்.
அதை ஒதுக்கினேன். அது
வேறு பெயரில் திரும்ப வந்தது.
ஈஸ்ட் சாறு என்று வந்தது.
பகுக்கப்பட்ட காய்ப்புரதம் என்று வந்தது.
ஒன்றுமே சொல்லாமல்
'சுவையூட்டிகள்' என்று பன்மையில் வந்தது.
எல்லாம் நான் திருத்திய சொற்கள்.
ஒன்றிலும் எழுத்துப்பிழை கிடையாது.

ஒருநாள் மேசைக்கு வந்த சூப் உறையில்
கட்டைவிரல் பருமனில் பச்சையாக:
'குளுட்டமேட் சேர்க்கவில்லை.'
பின்பக்கம், ஐந்தாம் வரியில், ஈஸ்ட் சாறு.
அளந்தேன். ஒன்று புள்ளி இரண்டு.
மயிரிழை குறைந்திருந்தால்
திருப்பி அனுப்பியிருப்பேன்.
குறையவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

கீழ்வீட்டு ஸோரா
வியாழன்தோறும் சூப் கொண்டுவருவாள்.
மூடி நழுவாமல் துண்டால் கட்டி,
லிஃப்ட் இல்லாத மூன்று மாடி ஏறி.
நான் படுத்துக் கிடப்பதைப் பார்த்துத்தான்
ஆரம்பித்தாள், இரண்டு வருடம் முன்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும்.
நினைத்தேன்.
அதனாலேயே நோட்டுப் புத்தகத்தில்
வியாழக்கிழமைகளை மட்டும்
நான் கூட்டிப் பார்க்கவே இல்லை.

கடைசியில் கேட்டேன், ஏதோ சமையல் குறிப்பு கேட்பதுபோல.
"கேரட், பார்லி, வோக்கோசு,
அப்புறம் கொஞ்சம் அது" என்றாள்.
"எது?"
இழுப்பறையைத் திறந்தாள்.
பச்சை எழுத்து. ஓரத்தில் எங்கள் அச்சகத்தின்
மூன்று நிறப் புள்ளிகள்.
"நல்லதுதானே? இல்லை என்று போட்டிருக்கிறானே.
பின்னால் இருப்பது என் கண்ணுக்குத் தெரியாது,
நீயே வாசி."

உறையைக் கையில் வாங்காமலே
ஒப்பித்தேன்.

அடுப்பின் பக்கம் திரும்பி நின்றாள்.
"அப்படியானால் இத்தனை நாள்
நான்தான் உனக்கு…"
"நீ சூப் கொண்டுவந்தாய்" என்றேன்.
அதற்குமேல் என்ன சொல்வது என்று
எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும்.
கேரட்டை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன்.

அடுத்த வியாழன் சூப் சப்பென்று இருந்தது.
இருவரும் ஒரே நேரத்தில் உப்புக்குக் கைநீட்டினோம்.
வெள்ளிக்கிழமை
வரிகள் முழுதாக இருந்தன.
அதற்கு அடுத்த வெள்ளியும்.
மூன்றாம் வாரம்,
மலையிலிருந்து புயல் இறங்கிய இரவில்,
துளை மறுபடி திறந்தது.
'காற்று' என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்,
சட்டம் சொன்ன அளவைவிடப் பெரிதாக.