மூன்று படிகள்

ஹரிஸானொவ் செத்துப்போனார்.
கம்பத்தில் ஒட்ட இரங்கல் தாள் வேண்டுமென்று
சோஃபியாவிலிருந்து மகன் பேசினான்.
"அப்பாவுக்கு எல்லாம் நீங்கள்தானே தட்டச்சு செய்வீர்கள்?"

ஆமாம். இருபத்தோரு வருஷம்.

எந்தப் பெயரைப் போட, என்று கேட்டேன்.
செருப்புத் தைக்கும் தகப்பன் வைத்தது லியூபென்.
பதினேழு வயதில் துப்பாக்கியோடு காடேறியபோது
தானே சூட்டிக்கொண்டது கிரானித். கருங்கல்.
பனியிடம் இரண்டு கால்விரல்களைக் கொடுத்துவிட்டு
அந்தப் பெயரோடு இறங்கி வந்தார்.
அப்புறம் மாவட்டச் செயலாளர் என்பதே பெயராயிற்று.

நல்லதையும் சொல்லவேண்டும்.
அணை கட்டினார். ஆஸ்பத்திரி கட்டினார்.
புகையிலைப் பண்ணைப் பெண்களின் கைக்குழந்தைகளுக்கு
ஓர் அறை கேட்டுத் தலைநகரில் மேசையைக் குத்தினார்.
லஞ்சமாக வந்த ஆட்டுக்குட்டியை
வாசலோடு திருப்பி அனுப்பினார்;
தெரு முடியும்வரை அது கத்திக்கொண்டே போனது.

எண்பத்தைந்து, ஜனவரி.
பாலத்தடியில் ராணுவ வண்டிகள். ஆற்றில் பனிப்பாளம்.
துருக்கியர்கள் வரிசையில் வந்தார்கள்,
ஒரு பெயரைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்ள.
என் இயந்திரத்தில் 'ஹ' சிக்கிச் சிக்கி அடித்தது.
புகையிலைக் கறை விரல்களோடு ஹைரியே நின்றாள்.
"செத்துப்போன என் அப்பாவுக்குமா?"
அவர் கோபப்படவில்லை. நிமிரவுமில்லை.
"தந்தை பெயர்க் கட்டம் காலியாக இருக்க முடியாது, அம்மா."
ஹ்ரிஸ்தினா என்று அடித்தேன்.
மூன்று படிகள். மூன்றாவது மங்கலாக விழுந்தது.
அன்று மாலை அலுவலகத்தில் சாக்லேட் கொடுத்தார்கள்.
நான் சாப்பிட்டேன்.

நாலு வருஷத்தில் நாற்காலி போயிற்று.
எல்லை தாண்டிய ஹைரியே
ஒரு குளிர்காலம் கழித்துத் திரும்பிவந்தாள்.
அவர் தக்காளி வளர்த்தார்.
விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று
சாம்பல் நிறக் கோட்டைத் தேய்த்து மாட்டிவைத்திருந்தார்.
யாரும் கூப்பிடவில்லை.
தோள்பட்டையில் தூசி படிந்தது, மறுபடி தேய்த்தார்.

கடைசி வாரம், அவர் கட்டிய அதே ஆஸ்பத்திரியில்,
மணிக்கட்டுப் பட்டையில் ஓரெழுத்து பிசகிவிட்டது.
லியூபின்.
மூன்று நாள் சண்டை. சூப்பைத் தள்ளிவிட்டார்.
"அது நானில்லை" என்றார்
தாதியிடம், டாக்டரிடம், சுவரிடம்.
நான்தான் பேனாவால் திருத்தினேன்.
என் கையைப் பிடித்தபடி
எதற்கோ வாயெடுத்தார்.
பிறகு தண்ணீர் கேட்டார்.

கிரானித் வேண்டாமென்று மகன் சொல்லிவிட்டான்.
தாள்களும் பசை டப்பாவுமாகப் போகிற வழியில் சந்தை.
மிளகாய்க் குவியலுக்குப் பின்னால் அவள்.
இருபது வருஷமாக அவளிடம்தான் வாங்குகிறேன்,
ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
மேல்தாளைப் பார்த்தாள்.
சரியாகப் படித்தாளா, தெரியாது.
எடைக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தாள்.
"ஒரு கிலோவா, ரெண்டா?"