குரலுக்கு விசை இல்லை

மொண்டேவிடியோவில், டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில்
எனக்கு வேலை: கால்பந்தைத் தட்டச்சு செய்வது.
ஒன்றை அழுத்தினால் பாஸ்.
இரண்டு, பறித்த பந்து.
மூன்று, தலையால் முட்டியது.
ஏழு, தவறு. எட்டு, அதைவிடப் பெரிய தவறு.
ஆட்டமொன்றுக்கு இரண்டாயிரம் தட்டல்.
சம்பளம் தட்டலுக்கு இல்லை.

காணொளி ஊமையாகத்தான் வரும்.
ஒலி சேர்த்தால் கோப்பு கனக்குமாம்.
மழை பெய்யும், கேட்காது.
விசில் ஊதியதை
நடுவரின் கன்னம் உப்புவதில் தெரிந்துகொள்வேன்.

பய்சாந்தூ ஊர் அணியின் ஆறாம் எண்
வால்டெமார் இத்துர்ரால்தே
என் விரல்களுக்கு ஓய்வு கொடுக்கிறவன்.
தொண்ணூறு நிமிடத்தில் இருபது முறை பந்தைத் தொட்டால் அதிகம்.
பறித்தது ஒன்று. முட்டியது இரண்டு.
ஓடியது எட்டு கிலோமீட்டரும் கொசுறும்.
மற்ற நேரமெல்லாம் நிற்கிறான்,
பேருந்துக்குக் காத்திருப்பவன் போல,
கையை அங்கே இங்கே நீட்டிக்கொண்டு.
நூற்றுக்கு நாற்பத்தொன்று என்றது மென்பொருள்.
எனக்கும் அதில் வழக்கில்லை.

அந்த அணி கோல் வாங்குவது அபூர்வம் என்பதை
வேறொரு பத்தியில் நானேதான் பதிந்திருந்தேன்.
இரண்டு பத்திகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

ஜூலை. குளிர்காலம்.
தெற்கிலிருந்து பம்பேரோ காற்று
கொடிக்கம்பங்களை வளைத்த சனிக்கிழமை
இத்துர்ரால்தேக்கு உயிர் வந்தது.
ஒன்பது முறை பறித்தான். பதினொரு முறை முட்டினான்.
சேற்றில் சறுக்கிச் சறுக்கி
கோல்கோட்டில் ஒன்று, மூலைக்கொடியருகே ஒன்று,
எங்கே தீப்பிடித்தாலும் அங்கே அவன் வாளி.
பன்னிரண்டு கிலோமீட்டர்.
என் சுண்டுவிரல் வலித்தது.
தொண்ணூற்று மூன்று என்றது மென்பொருள்;
வாரத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரன்,
பச்சை வட்டத்துக்குள் அவன் முகம்.

அன்று அவன் அணி வாங்கியது நான்கு கோல்.

கணக்கு இடித்தது.
ஆகஸ்டில் ஒரு விடுப்பு நாள்
ஐந்து மணி நேரம் பேருந்தில் போனேன்.
சுடுநீர்க் குடுவையை அக்குளில் இடுக்கி
மாத்தே உறிஞ்சுகிற எழுநூறு பேருக்கு நடுவே
வேலியோரம் நின்றேன்.
முதல் நிமிடமே கேட்டது.

"சலீ!" வெளியே வா.
"சொலோ!" யாருமில்லை, நிதானமாக எடு.
"எஸ்பால்தா, நேஸ்தோர், எஸ்பால்தா!" முதுகைப் பார்.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி
ஓயாத குரல்.
அது இழுத்த கயிற்றில் நான்கு பேர் இடம் மாறினார்கள்.
எதிரணிக்காரன் பந்தைக் கொடுக்கப் பார்த்தான்,
வழியில்லை, வந்த பக்கமே திருப்பினான்.
நடக்கவிருந்த ஒன்று நடக்கவில்லை.
கோட்டுப் பைக்குள் என் விரல்கள் தடுமாறின:
ஒன்றா, இரண்டா, மூன்றா?

ஆட்டம் முடிந்து வேலியருகே வந்தவனிடம்
நான் யாரென்று சொல்லாமல்
அந்தச் சனிக்கிழமையைக் கேட்டேன்.
"தொண்டை கட்டிவிட்டது," என்றான்.
"காற்று வந்தது, சொல் வரவில்லை.
சொல் போகவேண்டிய இடத்துக்கெல்லாம்
நானே ஓட வேண்டியதாயிற்று.
பாதி இடத்துக்குப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன்."
சிரித்தான். முன்பல் ஒன்று பொய்.

பச்சை வட்டத்தை யாரோ பார்த்திருக்கிறார்கள்.
ஜனவரியில் தலைநகரின் பெரிய அணியொன்று அவனை வாங்கியது.
'ஓயாமல் ஓடுகிறவன், பறிக்கிறவன்' என்றது அறிக்கை,
கீழே எங்கள் அலுவலக முத்திரை.
மறுபடி எண்ணிப் பார்த்தேன்.
ஒன்பது, ஒன்பதுதான்.

இப்போதும் அவன் ஆட்டங்கள் என் மேசைக்கே வருகின்றன,
ஊமையாக.
புது அணியில் அவன் குரல் யாருக்கும் இன்னும் பழகவில்லை போல.
ஓடுகிறான். எண்பத்தெட்டு.
முப்பத்தோராம் நிமிடத்தில் காட்சியை நிறுத்துகிறேன்.
பந்து திரையின் மறுகோடியில்.
அவன் வாய் அகலத் திறந்திருக்கிறது.
இடப்பக்கத்துப் பையன் தலையைத் திருப்பத் தொடங்கியிருக்கிறான்,
தொடங்கித்தான் இருக்கிறான்.

நிகழ்வு? என்று கேட்டுக் கர்சர் துடிக்கிறது.
கீழே டயர் கடையில்
யாரோ காற்றடிக்கிறார்கள்.