எரியாத சிவப்பு

முதலில் போனது ரேடியோ.
பினாங்குப் பாலத்தின் நடுவில், மழையில்,
செய்தி வாசித்தவள் ஒரு சொல்லின் பாதியில் நின்றாள்.
பிறகு வைப்பர் தளர்ந்தது,
சம்பளம் வராதவன் மேசை துடைப்பதைப் போல.
முன்விளக்கு மஞ்சளாகி, தேநீர் நிறமாகி,
கெலுகோரில் நான் கரையேறியபோது
எனக்கு முன்னால் சாலை இல்லை,
லாரிகளின் பின்சிவப்பு மட்டும்.

எண்பத்தொன்பதாம் வருடத்து சாகா.
"பேட்டரிதான்" என்றார் கடைக்காரர்.
இந்த ஆண்டில் மூன்றாவது. நூற்றெண்பது வெள்ளி.
"ஆல்டர்னேட்டர்" என்றார் ஃபோர்மேன் சூன் லியோங்,
கழற்றினார், பெஞ்சில் வைத்துச் சுற்றினார்,
"இது நல்லாத்தான் இருக்கு" என்று தலையைச் சொறிந்து
திரும்பப் பூட்டினார். கூலி அறுபது.
பழுதில்லாத இரண்டு பொருள்களுக்கு நடுவே
எங்கோ ஒழுகிக்கொண்டிருந்தது வண்டி.

ஞாயிறு. ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழ்த்தளம்.
லோரோங் கூலிட் பழஞ்சந்தையில் வாங்கிய மல்ட்டிமீட்டர்,
சிவப்பு முனைக்கு நான் சுற்றிய டேப்.
டார்ச் பிடிக்கக் கூப்பிட்டேன், வந்தாய்.
இப்போதெல்லாம் எதற்குக் கூப்பிட்டாலும் வந்துவிடுகிறாய்.
"சண்டையே இல்லை" என்று ஃபேக்டரியில்
தவமலரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

நிற்கும் வண்டியில் பன்னிரண்டு புள்ளி நான்கு.
ஓடும் வண்டியில் பன்னிரண்டு புள்ளி ஒன்று.
பதினான்கு வந்திருக்க வேண்டும்.
ஓடுகிறது, சேர்வதில்லை,
இருப்பதையே தின்றுகொண்டு ஓடுகிறது.

பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். இறுக்கம் சரி.
எர்த் கம்பியின் களிம்பைச் சுரண்டினேன்.
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாய் டார்ச்சுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
எண் அசையவில்லை.
மூன்றாம் மாடியில் யாரோ கருவாடு பொரித்தார்கள்.
உனக்குப் பசித்திருக்கும். சொல்லவில்லை.

அலுத்துப்போய் உள்ளே உட்கார்ந்து
சாவியை ஒரு படி மட்டும் திருப்பினேன்.
எண்ணெய் விளக்கு எரிந்தது. கைப்பிரேக் எரிந்தது.
அவற்றுக்குப் பக்கத்தில்
பேட்டரிப் படம் போட்ட சதுரம் இருட்டாயிருந்தது.
எத்தனை மாதமாய்?
எரிந்திருந்தால் பார்த்திருப்பேன்.
சிவப்பு வரவில்லை, அதனால் குறையில்லை என்று
தினமும் பிறைக்குப் போய் வந்திருக்கிறேன்.

மீட்டர் பலகைக்கு நான்கு திருகு.
பின்னால் சுண்டுவிரல் நகமளவு பல்பு,
இழை அறுந்து, கண்ணாடி புகைபிடித்து.
இந்தக் காலத்து வண்டிகளுக்குத் தெரியாது:
அந்த இழையின் வழியாகத்தான்
ஆல்டர்னேட்டருக்கு முதல் துளி மின்சாரம் போகிறது,
காந்தம் கண்விழிக்க ஒரு துளி.
அது வராவிட்டால்
தூங்கிக்கொண்டே சுழலும்.

பின்கண்ணாடிச் சூடேற்றிக்கும் ஒரு விளக்கு உண்டு.
பினாங்கில் அது யாருக்கு வேண்டும்?
அதன் பல்பை உருவி இதில் செருகினேன்.

சாவி, ஒரு படி.
சிவப்பு.
எவ்வளவு நாளாயிற்று இதைப் பார்த்து!
எஞ்சினைக் கிளப்பினேன், அணைந்தது.
பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்தேன்:
பதினான்கு புள்ளி ஒன்று.
இரண்டு தடவை பார்த்தேன்.

பலகையைத் திரும்பப் பூட்டும்போது
டார்ச் வெளிச்சம் நடுங்கியது.
"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாய்.
"கை கடுக்குது. பசி வேற.
ஒரு ஞாயித்துக்கிழமைகூட
மனுஷனை நிம்மதியா விடமாட்டே."

நான்காவது திருகு
என் மடியில்தான் கிடந்தது.
காலடியில், சீட்டுக்கு அடியில், மிதியடிக்குள்
அதை மெதுவாகத் தேடிக்கொண்டிருந்தேன்.