ஆயுள் முழுதுக்கும்

கையேட்டின் நூற்றுப் பதினேழாம் பக்கத்தில்
ஒரே வரி:
கியர்பாக்ஸ் எண்ணெய், ஆயுள் முழுதுக்கும், மாற்றத் தேவையில்லை.

யாருடைய ஆயுள் என்று எழுதவில்லை.

மஞ்சக்குப்பம் கருவூலத்தில் பென்ஷன் பிரிவில் இருக்கிறேன்.
ஆயுள் முழுதுக்கும் என்று உத்தரவு வாங்கியவர்களையே
வருஷத்துக்கொரு தரம் வரச்சொல்லி
முகம் பார்த்து, கையெழுத்து வாங்கி
இருக்கிறார் என்று குறித்துக்கொள்கிற வேலை.
இந்த எண்ணெய் ஒரு தரமாவது
நேர்காணலுக்கு வந்ததா, தெரியாது.
வண்டி இரண்டாம் கை. தொண்ணூற்றிரண்டாயிரம் கிலோமீட்டர்.
விற்ற பல் டாக்டர்
சர்வீஸ் புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டது என்றார்.
கடலூரில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

என் இடது கால் க்ளட்ச் மிதிக்காது.
ஒரு வயதில் வந்த காய்ச்சலின் ஏற்பாடு.
தானே கியர் மாறுவது மற்றவர்களுக்குச் சொகுசு.
எனக்கு அது இடது கால்.

போன மாசம் கெடிலம் பாலத்து ஏற்றத்தில்
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது
ஒரு தயக்கம்.
பேர் மறந்துபோன ஆளுக்கு
வணக்கம் சொல்லுமுன் வருமே, அவ்வளவுதான்.
பக்கத்தில் இருந்த கற்பகவல்லி
போனிலிருந்து நிமிரவே இல்லை.

புதுச்சேரி ஷோரூம் பையன்
நூற்றுப் பதினேழாம் பக்கத்தையே திருப்பிக் காட்டினான்.
நெல்லித்தோப்பு அந்துவான் சொன்னார்:
'இவ்ளோ ஓடினதுக்கப்புறம் தொடாதீங்க மேடம்.
அழுக்குதான் இப்ப பிடிச்சிக்கிட்டிருக்கு.
புதுசு ஊத்தினா வழுக்கும். பாத்திருக்கேன்.'
செம்மண்டலம் தேசிங்கு சொன்னார்:
'மாத்தினதால செத்த வண்டி கிடையாது.
சாகப்போற நேரத்துல மாத்த வந்த வண்டிங்க அதெல்லாம்.
பழி எண்ணெய் மேல.'

இருவரும் பொய் சொல்லவில்லை.
அதுதான் சிக்கல்.

தேசிங்கு வண்டிக்கடியில் படுத்து ஒரு சொட்டு எடுத்துவந்தார்.
டிஷ்யூ தாளில் வாங்கிக்கொண்டேன்.
புதுசு மாதுளைச் சாறு மாதிரி இருக்குமாம்.
இது புளி கரைத்த தண்ணீர்,
ஊறிப் பரவிய விளிம்பில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.
முகர்ந்தேன், கருகல் இல்லை.
விரலிடையில் தேய்த்தேன், நறநறப்பு இல்லை.
சிவப்பென்றால் காத்திருக்கலாம்.
கறுப்பென்றால் கைவிடலாம்.
புளித்தண்ணீருக்குக் கையேட்டில் பக்கமே இல்லை.

தாளை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தேன்,
ஸ்டேப்ளர் ஊசிப் பெட்டிக்கு அடியில்.
நேர்காணலுக்கு வராதவர்களை
இறந்ததாக நாங்கள் எழுதுவதில்லை,
நிறுத்திவைக்கப்பட்டது என்று எழுதுவோம்.
மூன்று வாரம் அப்படித்தான் போனது.
பாலத்தில் மட்டும் ரேடியோவை அணைத்துவிட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

நாலாவது சனிக்கிழமை
வேறெதற்கோ காற்றடிக்கப் போனபோது
தேசிங்கு சாதாரணமாகச் சொன்னார்:
'எப்படியும் ஏழு லிட்டர்ல நாலுதான் இறங்கும் மேடம்.
மிச்சம் உள்ளயே சுத்திக்கிட்டிருக்கும், போவாது.'

முழுசாக மாற்றவே முடியாது என்று தெரிந்ததும்
மாற்றிவிடலாம் என்று தோன்றியது.

வெட்டிய பெயிண்ட் வாளியில்
சத்தமில்லாமல் இறங்கியது, நூலாக, பிறகு சொட்டாக.
திருகாணியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை.
அதைத் துடைத்துக் காட்டி 'இது நியாயமான தேய்மானம்' என்றார்.
இறங்கியதை அளந்தார்: மூன்றே முக்கால்.
புதுசிலும் மூன்றே முக்கால், ஒரு சொட்டு கூட்டவில்லை.
ஐயாயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி பாதி,
அப்புறம் பார்ப்போம் என்றார்.
ரசீதின் பின்பக்கம் தேதி எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் பாலம் இல்லை.
இருந்தாலும் அந்தப் பக்கம் விட்டேன்.
ஒன்று. இரண்டு.
தயக்கம் இருந்ததா
இல்லை, அதற்காகக் காத்திருந்த என் காதுதானா
என்று யோசிப்பதற்குள்
முன்னால் ஒரு கரும்பு டிராக்டர், பின்னால் பஸ் ஹார்ன்,
பாலம் முடிந்து திருப்பாதிரிப்புலியூர் வந்துவிட்டது.

வண்டியைத் திருப்பினேன்.
இன்னொரு தரம் போய்ப் பார்க்கலாம்.