ஐந்தாவது டிராக்

சாலிகிராமத்தில் இரவு பதினொன்றரைக்குக்
கரண்ட் போனது.
எங்கள் பேட்டரி தாங்கியது.
பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர்தான்
சுவரைத் தாண்டி வந்து
ஐந்தாவது டிராக்குக்குள் உட்கார்ந்துகொண்டது.

"வெட்டிடலாம், எபி" என்றேன்.
எபனேசர் சுவரில் காது வைத்திருந்தான்.
"ஜி. கொஞ்சம் ஏறின ஜி."
நான்கு கம்பிகளையும்
அந்த உறுமலுக்கே முறுக்கினான்.

இருபத்திரண்டு வருஷம்
அடுத்தவர் பாட்டுக்கு அடியில் கிடந்தவன்.
செல்போனில் கேட்பவர்களுக்கு
அவன் இருந்ததே இல்லை.
நிறுத்தினால் மட்டும்
பாட்டு காய்ச்சல்காரனைப் போல் இளைத்துவிடும்.

இந்த ஆல்பத்தில் சாக்ஸபோன் ஒதுங்கி நிற்கிறது.
சுகிர்தாவின் கீபோர்ட்
இடம் விட்டு விட்டுப் பேசுகிறது.
முஸ்தஃபாவின் ஸ்நேர் ஒரு மயிரிழை பிந்துகிறது,
வேண்டுமென்றேதான்.
எபியின் கட்டைவிரல் கம்பியை அறைகிறது,
பிறகு அறைந்ததற்கு வருந்துவதுபோல
வழுக்கி இறங்குகிறது.

பாதியில் கரண்ட் வந்தது.
ஜெனரேட்டர் நின்றது.
அது விட்ட சுரத்தை
எபி எடுத்துக்கொண்டான்,
வேறெதுவும் வாசிக்காமல்.

மறுநாள் பிளேபேக்கின்போது
கீழ்வீட்டு அமிர்தவல்லி படியேறி வந்தார்.
"அலமாரில தம்ளரெல்லாம் ஆடுது."
நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.
எபி குறுக்கே வந்தான்: "எந்த இடத்துலக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.
"எல்லாரும் போயி
ஒருத்தன் மட்டும் நிக்கிற மாதிரி வருமே,
அங்க."

மூன்று நிமிடம் நாற்பது விநாடி.
அந்த இடத்தில்
இன்னும் அரை டெசிபல் ஏற்றினேன்.