ஐஸ்பெட்டிக்காரர் சொன்ன திருத்தம்

பன்னிரண்டு கதை, பதினான்கு சாவு.
கணக்கு உதைக்கிறதே என்று முதலில் கேட்டவர்
எங்கள் மின்வாரியத் தணிக்கையாளர்.
கதைகளைத் தாண்டித் தாண்டி
பென்சிலால் ஓரத்தில்
பிணங்களை மட்டும் எண்ணி வந்திருக்கிறார்.
ஒன்பதாம் கதையில் இரட்டையர்கள் என்றேன்.
இன்னொன்று?
பதிப்பாளர், என்றேன்.
சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

முந்நூறு பிரதிகள்.
நூற்றுப்பத்து என் கட்டிலுக்கடியில்.
பெருமழைக்குச் செல்லூரில் வீட்டுக்குள் வரும் தண்ணீர்
என்னை முழுதாக வாசித்த முதல் ஆளாக இருக்கும்.

மைத்துனன் காசிமாயன் உசிலம்பட்டியிலிருந்து
பேருந்து ஏறி வந்து சண்டை போட்டான்.
"செத்தவன் எந்திரிச்சு மொய்ப்பாக்கி கேக்குறானே,
அது எங்கப்பாதான?"
சத்தியமாக இல்லை என்றேன்.
சற்று நேரம் பேசாமல் இருந்தான்.
"அப்ப எங்கப்பாவப் பத்தி
எழுதணும்னு ஒனக்குத் தோணவேயில்ல?"
சாப்பிடாமல் போனான்.
அக்கா இன்னும் போனை எடுப்பதில்லை.

டவுன்ஹால் ரோட்டு லாட்ஜின் மாடியில் விமர்சனக் கூட்டம்.
பதினாறு பேர். அதில் மூவர்
அடுத்து நடக்கவிருந்த இன்சூரன்ஸ் கூட்டத்துக்கு
சீக்கிரம் வந்துவிட்டவர்கள்.
பேராசிரியை ஹெலன் ஜெயசீலி
என் நகைச்சுவையைப் பற்றி நாற்பது நிமிடம்
யாரும் சிரித்துவிடாதபடி பேசினார்.
இன்சூரன்ஸ்காரர் ஒருவர் மட்டும்
போகிற போக்கில் என் கையைப் பிடித்து,
"நாலாவது கதைய எனக்குக் குடுங்க சார்,
பாலிசி எடுக்க வைக்க
அதவிட நல்ல நோட்டீஸ் இல்ல" என்றார்.

பெரியாஸ்பத்திரி செவிலி ஒருவர்
தபாலட்டை போட்டிருந்தார். பெயரில்லை.
இரவுப் பணியில் வாய்விட்டுச் சிரித்தாராம்.
ஏழாம் படுக்கை கேட்டிருக்கிறது, என்னம்மா என்று.
பாதிவரை வாசித்துக் காட்டியிருக்கிறார்.
மூக்கில் குழாயோடு அவரும் சிரித்தாராம்.
மீதி நாளைக்கு என்று சொல்லிப் போனவர்
அடுத்த இரவு வந்தபோது விரிப்பு மாற்றியிருந்ததாம்.
"முடிவை அன்றே சொல்லியிருக்கலாம்.
அவ்வளவு நல்ல முடிவும் இல்லை" என்று எழுதியிருந்தார்.
அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்,
எங்கே என்றுதான் தெரியவில்லை.

நேற்று மாலை சேவுகன் வந்தார்.
தத்தனேரிப் பாலத்தடியில்
ஐஸ்பெட்டி வாடகைக்கு விடுகிறவர்.
நான் லீவில் இருப்பதைக் கேட்டறிந்து
வீட்டுக்கே வந்துவிட்டார்.
புத்தகத்தில் ஒரு பக்கம் மடித்திருந்தது.

"கரண்டு போனா நாறும்னு எழுதியிருக்கீக.
அதுக்கு நேரமாகும்ணே.
மொதல்ல சத்தம் நிக்கும்.
பெட்டி கொர்ருனு ஓடிக்கிட்டே இருக்கும்ல,
வீட்டாளுகளுக்கு அது மூச்சு மாதிரி பழகிப்போகும்.
டக்குனு நின்னுச்சுன்னா,
அதுவரைக்கும் அழுகாத ஆளு
அங்குட்டு ஒரு மூலையில இருக்கும் பாருங்க,
அது அப்பத்தான் அழுகும்.
பதினெட்டு வருசமா பாக்குறேன்.
ஒரு வீடு தப்புனதில்ல."

என் கதையில் அந்த இடத்தில்
மருமகன் ஜெனரேட்டர் டீசலுக்குப் பங்கு கேட்பான்.
எல்லோரும் பாராட்டிய இடம்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.
ராத்திரி பெட்டிக்குக் காவல் இருக்கும் பையனுக்கென்று
இன்னும் இரண்டு பிரதி கேட்டார்.
ஒன்று கிழிந்தால் ஒன்று.
காசு எடுக்கப் போனவர் கையை நிறுத்தி,
"இல்லண்ணே, ஒங்களுக்கு வேணும்கிறப்ப
வாடகையில கழிச்சுக்குறேன்" என்றார்.
எவ்வளவு வாடகை என்று
வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அவர் வண்டி தெருமுனை திரும்பியிருக்காது.
சமையற்கட்டில் ஃபிரிட்ஜ் நின்றது.
தெரு முழுக்க நின்றது.
அவ்வளவு காலம் ஒரு சத்தம் இருந்ததே
அப்போதுதான் தெரிந்தது.

புகார் எண்ணுக்குப் போன் போட்டேன்.
அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.
எடுக்க வேண்டிய ஆள்
இருட்டில், செல்லூரில்,
கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.