பன்னிரண்டாவது முறை

டுர்ரெஸ் துறைமுகம், காலை ஆறே கால்.
முன்பெல்லாம் படிவத்தை விழுங்கிய கணினி
ஏழு நொடி அசைபோட்டுத் துப்பும்:
சிவப்பு.

டைல்ஸ். இத்தாலியிலிருந்து இரவுக் கப்பலில்.
நான்கு ஆண்டுக்கு முன் வேறெவனோ
டைல்ஸுக்கு நடுவே சிகரெட் அடுக்கினான்.
கண்டுபிடித்தவள் வால்டெட்டேதான்.
பாராட்டுக் கடிதம் அவளுக்கு,
பாடம் கணினிக்கு,
பார்திலுக்கு வரிசையில் நிற்கும் வேலை.

பதினோரு முறை பிரித்தாள்.
டைல்ஸ், டைல்ஸ், உடைந்த டைல்ஸ்.
'குற்றம் ஏதுமில்லை' என்று தட்டினாள்.
ஒவ்வொரு இல்லைக்கும்
அவன் பெயர்மேல் இருந்த சந்தேகம்
ஒரு மயிரிழை தேய்ந்தது.
அது அவனுக்குத் தெரியாது.
எவ்வளவு என்று அவளுக்கும் தெரியாது.

இன்று பச்சை.
தடுப்புக் கம்பம் தானே எழுந்தது.
லாரியை நகர்த்தாமல் இறங்கி வந்தான்,
ஒரு கையில் இரண்டு காபி,
மறு கையில் அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தி.
"பிரிக்க வேண்டாமா?"

"போகலாம், பார்தில்."

பின்னால் ஹாரன்கள்.
காபியை வாங்கிக்கொண்டாள்.
அவன் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பியபோது
முதன்முறையாக,
டயர்கள் எவ்வளவு அமுங்கியிருக்கின்றன
என்று பார்த்தாள்.